உத்தரத்துக்குக் கீழே ஒரு லாரி

ரோஸ்வித்தா ஹாபிக்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். எங்கள் ஊரான ஓபர்லிண்டாக்கிலும் சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களிலும் இன்றைக்கு ஆளாகி நிற்கும் பிள்ளைகளில் அவளிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. "காலைக் கீழ போடுடா, அது சீட்டு, உங்க வீட்டு சோபா இல்ல" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்வாள். தலை திரும்பாது. பனி கொட்டும் நாட்களில் மற்ற டிரைவர்கள் மேட்டுக்கு அடியிலேயே நிறுத்தி, பிள்ளைகளை நடந்து போகச் சொல்வார்கள். இவள் முதல் கியரில் முனகிக்கொண்டே பஸ்ஸை மேலே ஏற்றிவிடுவாள். அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாராட்ட வாய் வராது.

அவள் புருஷன் வோல்க்மார் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவன். அவன் செய்த இழுப்பறையைத் தள்ளினால் சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொள்ளும். எதையும் மூன்று தடவை அளப்பான். மடக்கு அளவுகோல் ஒன்று எப்போதும் அவன் கால்சட்டையின் பக்கப் பையில் இருக்கும். அதோடுதான் மகளின் கல்யாணத்துக்கே போனான். ரோஸ்வித்தா அதைப் பார்த்துப் பல்லைக் கடித்ததுகூட போட்டோவில் அப்படியே விழுந்திருக்கிறது.

தொழிற்சாலை அவனை வீட்டுக்கு அனுப்பிய வருஷம், பக்கத்து ஊர்த் தீயணைப்புப் படை தன் பழைய லாரியை விற்றது. மூக்கு நீண்ட சிவப்பு லாரி. தீயணைப்பு வண்டி வருஷமெல்லாம் கொட்டகையில்தான் நிற்கும் என்பதால், வயதுதான் ஆகியிருந்ததே தவிர எஞ்சின் தேயவில்லை. வோல்க்மார் அதை வாங்கினான். ரோஸ்வித்தாதான் வீட்டுக்கு ஓட்டி வந்தாள். அவ்வளவு கனமான வண்டிக்கான லைசென்ஸ் வீட்டில் அவளிடம்தான் இருந்தது.

வரும் வழியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதுல வடக்க போகலாம் வோல்க்மார். ஜூன் மாசத்துல. ராத்திரியே வராத இடம் வரைக்கும்."

"தாராளமா. உள்ள ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி. அடுத்த வருஷம் கிளம்பிடலாம்" என்றான் வோல்க்மார்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அவன் சோம்பேறி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். லாரி கொட்டகைக்குள் போன நாளிலிருந்து தினமும் வேலை செய்தான். அந்தக் கொட்டகை மரச்சட்டமும் களிமண்ணுமாக அவன் முன்னோர் கட்டியது. வாசலின் மேல் உத்தரத்தில் கட்டியவன் பெயரும் ஒரு வேண்டுதலும் செதுக்கியிருக்கும். பழங்கட்டடம் என்று அரசாங்கம் பட்டியலில் சேர்த்துவிட்டதால் அதில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும். வோல்க்மார் ஆணி அடிக்காமல் உள்ளே வேலை பார்த்தான்.

லாரியின் அடிச்சட்டம் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். மேலே உட்காரும் வீடு முறுக்கக் கூடாது. முறுக்கினால் சுவர் பிளக்கும், கதவு திறக்காது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து, முக்காலிக்கு மூன்று கால் இருப்பது போல மூன்றே இடத்தில் தாங்க வைத்தான். கீழே எவ்வளவு நெளிந்தாலும் மேலே டம்ளரில் தண்ணீர் ததும்பாது. அதற்கே ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு சுவர்கள், தரை, கட்டில், அலமாரி. பிறகு கூரையில் ஒரு ஜன்னல். அவன் பசை போட்டு ஒட்டினால் ஒட்டினதுதான், கடப்பாரைக்கும் பெயராது.

வேலை முடியாமல் போனதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை என்பேன் நான். எங்கள் நாட்டில் ஞாயிறு அன்று துளை போடக் கூடாது, அறுக்கக் கூடாது, சுத்தியலைத் தொடக் கூடாது. சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேல் தலையை நீட்டிவிடுவான். ஆகவே ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பீர் பாட்டிலோடு வோல்க்மாரின் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். வேலை செய்ய முடியாது. பார்க்கலாம், பேசலாம், தலையைச் சாய்த்துச் சந்தேகப்படலாம். அவர்களுக்கு நாட்டாமை எக்ஹார்ட். தீயணைப்புப் படையில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவன். தொந்தியும் தொண்டையும் பெரிசு. வெளிநாடு என்று அவன் போனது ஒரு தடவை ஆஸ்திரியாவுக்கு.

"இந்தத் தண்ணித் தொட்டிய இங்கயா வெச்சிருக்க?" என்று ஆரம்பிப்பான் எக்ஹார்ட்.

"ஏன், என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்கு. பாலைவனத்துல இது தாங்குமான்னு யோசிச்சேன்."

அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் வோல்க்மார் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றுவான். ஆறு நாள் கட்டியதை ஏழாம் நாள் பேசியே பிரித்துவிடுவார்கள். யாரும் பாலைவனத்துக்குப் போகவில்லை. ரோஸ்வித்தா கேட்டது வடக்கே. ஆனால் லாரியின் பக்கத்தில் மணலில் புதைந்தால் போட்டு ஏற இரண்டு அலுமினியப் பலகைகள் தொங்கின. போன இலையுதிர் காலத்தில் எக்ஹார்ட் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்து, "மணல்ல இது நாலடி போகாது" என்றான். வோல்க்மார் பழைய சக்கரங்களைக் கழற்றி, ஆள் இடுப்புக்கு மேல் வரும் பெரிய சக்கரங்களைப் போட்டான். பழையவற்றை எக்ஹார்ட் தன் விறகு வண்டிக்கு மாட்டிக்கொண்டான். ஊரார் சிரித்தார்கள். ரோஸ்வித்தாவும் சிரித்தாள். பிப்ரவரி வரைக்கும் சிரித்தாள்.

பிப்ரவரியில் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் டாக்டரிடம் போனாள். ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரிய வண்டி ஓட்ட வேண்டுமானால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டியாக வேண்டும். டாக்டர் ஒரு பெட்டிக்குள் அவள் முகத்தை வைத்து, ஓரங்களில் மின்னும் புள்ளிகளைப் பார்த்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தினாள். முடிந்ததும் டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நடுப் பார்வை நல்லா இருக்கு. ஓரம் குறையுது. ரெண்டு கண்லயும்" என்றார்.

"லைசென்ஸ் கிடைக்குமா?"

"இந்தத் தடவை கிடைக்கும். எல்லைக்கு உள்ளதான் இருக்கீங்க, அதனால கையெழுத்துப் போடறேன். மருந்து ஊத்துங்க. இருட்டினதுக்கு அப்புறம் ஓட்டாதீங்க. ஆனா ஹாபிக்ட் அம்மா, அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எங்கயாவது போகணும்னு இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க."

சட்டப்படி பஸ் ஓட்டலாம். ஆனால் ஒரு குழந்தை ஓரத்திலிருந்து ஓடி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். ஈஸ்டர் விடுமுறையோடு வேலையை விட்டுவிட்டாள். முதுகு வலி என்று ஊருக்குச் சொன்னாள், வோல்க்மாருக்கும் அதையே சொன்னாள். முப்பது வருஷமாகக் கூட இருப்பவனிடம் ஏன் மறைக்க வேண்டும்? சொன்னால் வருவான், அது தெரியும். பாவம் என்று வருவான். லாரியில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்துவான். தனக்கே ஆசையாக அவன் கிளம்பி வர வேண்டும் என்று அவள் விரும்பினாள். அது பேராசை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் அவளே வண்டிப் பரிசோதனை நிலையத்துக்கு போன் செய்தாள். லாரியை வீட்டு வண்டியாகப் பதிய வேண்டுமானால் அங்கே கொண்டுபோய் ஓர் அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். மே மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி காலியாக இருந்தது. அதை விட்டால் செப்டம்பர்தான். செப்டம்பரில் வடக்கே இருட்டிவிடும்.

"மே மாசமா? உள் கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் சரியா வரல" என்றான் வோல்க்மார்.

"கதவு வேண்டாம். திரை போட்டுக்கலாம்."

"திரையா!" அவனுக்கு நிஜமாகவே மனசு புண்பட்டது. ஆனால் தேதி கொடுத்த பிறகு அதை மீறுவது எங்கள் ஊரில் யாருக்கும் வராது. சரி என்றான்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் அவரவர் வீட்டு முன் பகுதியை அவரவர் பெருக்குவார்கள். ஊரே துடைப்பத்தோடு வெளியே நின்றது. ரோஸ்வித்தா ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். கொட்டகையே அதிர்ந்தது. எக்ஹார்ட் வாசலுக்கு வெளியே நின்று விமானம் இறக்குகிறவன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினான். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது, மூக்கு வெயிலுக்கு வந்தது.

"நில்லு! நில்லு! நில்லு!" என்று கத்தினான் எக்ஹார்ட்.

அவள் நிறுத்தினாள். வோல்க்மார் ஏணி வைத்து ஏறி அளவுகோலை விரித்தான். கூரை ஜன்னலின் சட்டம் உத்தரத்தைவிட நாலு விரற்கடை மேலே இருந்தது.

மூன்று தடவை அளக்கிற மனுஷன், எல்லாவற்றையும் அளந்திருந்தான். ஜன்னல் வைத்த அன்றைக்கு வாசலையும் அளந்தான். நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு சக்கரம் மாற்றினான். பெரிய சக்கரம் வண்டியைத் தூக்கும் என்பது எக்ஹார்ட்டுக்கும் தோன்றவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாளிகள் ஒருவனுக்கும் தோன்றவில்லை. மணலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"உத்தரத்தை அறுத்துடலாம்" என்றான் எக்ஹார்ட்.

"ஜெயிலுக்குப் போகணுமா? அது பட்டியல்ல இருக்கு."

"ஜன்னலப் பேத்துடு."

"நான் ஒட்டினது அது."

வோல்க்மார் ஏணியிலிருந்து ஆற அமர இறங்கினான். அளவுகோலை மடக்கினான். "ஒண்ணும் பண்றதுக்கில்ல. நிலையத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடு ரோஸ்வித்தா. செப்டம்பர்ல தேதி வாங்கிக்கலாம். சின்னச் சக்கரம் தேடறேன். தாழ்ப்பாளையும் அதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றான். சொல்லிவிட்டு வாய்க்குள் மெல்லப் பாட்டு முனகினான்.

ரோஸ்வித்தாவுக்கு அந்த முனகல் தெரியும். பல் டாக்டர் ஊரில் இல்லை என்று திரும்பி வந்த அன்றைக்கு முனகியது. மச்சினி வருகை ரத்தான அன்றைக்கு முனகியது. இவனுக்கு நிம்மதியாக இருக்கிறது! ஒன்பது வருஷமும் ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிப்போயிற்று. கோபம் காதில் சூடாக ஏறியது.

"யாரும் சாவியத் தொடாதீங்க" என்றாள். இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நடந்தாள். "வோல்க்மார், என் பஸ்ல எப்ப அடி தரையில உரசும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். அத்தனை பிள்ளைங்களும் மூட்டையோட ஏறினதும். பாரம் ஏறினா வண்டி தாழும். எக்ஹார்ட், சக்கரத்துல பாதிக் காத்தைப் பிடுங்கு. உன்னாலதானே இந்தச் சக்கரம் வந்துச்சு."

"நானா? நான் யோசிச்சேன், அவ்வளவுதான்."

"இப்ப யோசிக்காம பிடுங்கு."

காற்று சீறிக்கொண்டு இறங்கியது. நாலு விரல் இரண்டாயிற்று. அவள் தெருவுக்குப் போய், பஸ்ஸில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள். "துடைப்பத்தைக் கீழ போடுங்க! எல்லாரும் இங்க வாங்க! கனமா இருக்கறவங்க முன்னால வாங்க!"

முதலில் ஓடி வந்தவள் இல்க்கா. இப்போது எங்கள் தீயணைப்புப் படைக்குத் தலைவி. படையில் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வாள், ரோஸ்வித்தாவை அப்படிச் சொல்ல அவளால் முடியாது; அவளுடைய பஸ்ஸில் போன பிள்ளை. "என்ன பண்ணணும் சொல்லுங்க" என்றாள்.

"உன் ஆளுங்கள வண்டிக்குள்ள ஏத்து. பின்னச் சக்கரத்துக்கு மேல கனம் வரணும்."

தீயணைப்புப் படை வந்தது. பேக்கரிக்காரன் மாவுக் கையோடு வந்தான். பாதிரியார் வந்தார், அவர் கனத்துக்கு இரண்டு பேருக்குச் சமம். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க! அது எண்ணெய் போட்ட மரம்!" என்று வோல்க்மார் கத்தினான். யாரும் கேட்கவில்லை. கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள், குளியலறைக்குள் மூன்று பேர் நின்றார்கள், இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, "ஏ, சத்தமே வரல பாரேன்!" என்று வியந்தார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஊர் அவனைப் பாராட்டியது. அவன் வெளியே ஏணியில் நின்றான், அதனால் காதில் விழவில்லை.

"இன்னும் ஒரு விரல்" என்றான்.

கடைசியாக எக்ஹார்ட் ஏறினான். உள்ளே ஏதோ படாரென்று உடைந்தது.

"நகக்கண் அளவு இடைவெளி இருக்கு" என்றான் வோல்க்மார்.

ரோஸ்வித்தா முதல் கியரைப் போட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி, நத்தை நகர்வது போல நகர்த்தினாள். உள்ளே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் கனம் கூடுமா குறையுமா என்று பாதிரியாரே கேட்டாராம். உத்தரத்தின் செதுக்கிய எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கூரை ஜன்னலுக்கு மேலே போயின. பிறகு வெயில்.

எல்லாரும் கைதட்டிக்கொண்டு குதித்து இறங்கினார்கள். அவர்கள் இறங்க இறங்க வண்டி மேலே எழும்பியது. இல்க்காவின் ஆட்கள் காற்றடிக்கும் யந்திரத்தைக் கொண்டுவந்து சக்கரங்களை நிரப்பினார்கள். முற்றத்தில் நிற்கும்போது அது இவ்வளவு பெரிய வண்டியா என்று எல்லாருக்கும் ஆச்சரியம். பெருக்க வேண்டிய தெரு பாதியில் கிடந்ததால் கலைந்து போனார்கள்.

வோல்க்மார் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வாடிய முகத்தோடு வந்தான். கையில் ஒரு தாழ்ப்பாள்.

"எக்ஹார்ட் சாஞ்சதுல அலமாரிக் கதவே போச்சு. இதோட எப்படி அதிகாரிகிட்ட காட்டறது? திருப்பி உள்ள விடு. சரி பண்ணிட்டு..."

"உள்ள போகாது."

"எல்லாரையும் மறுபடி கூப்பிடு."

"நான் கூப்பிட மாட்டேன்."

அவன் எக்ஹார்ட்டைப் பார்த்தான். எக்ஹார்ட் ரோஸ்வித்தாவைப் பார்த்தான். என்ன கண்டானோ, "எனக்குத் தெரு பெருக்கணும்" என்று சொல்லி நழுவினான். அவன் துடைப்பம் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

"வோல்க்மார், எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு" என்றாள் ரோஸ்வித்தா.

அவன் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஓரமெல்லாம் மங்குது. பிப்ரவரியிலயே சொல்லிட்டார். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டார், இனிமே போட மாட்டார். முதுகு வலியெல்லாம் பொய்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா பாவம்னு வந்திருப்பே. நீயா வரணும்னு காத்திருந்தேன். நீ வர்ற வழியக் காணோம். இன்னிக்குப் பாட்டு வேற பாடினே."

அவன் முகம் சிவந்தது. "எனக்குப் பயம்" என்றான் கடைசியில். "கொட்டகைக்குள்ள இருக்கற வரைக்கும் இது ஒரு குறையும் இல்லாத வண்டி. வெளிய போனா உடையும். நான் பண்ணினது உடையறத நான் பாத்ததில்ல ரோஸ்வித்தா."

"இப்ப உடைஞ்சுபோச்சே. பாத்தாச்சே."

அவன் கையிலிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தான். அதைப் பையில் போட்டுக்கொண்டான். "எந்தக் கண்ணு?" என்றான்.

"ரெண்டும். வலது கொஞ்சம் அதிகம்."

அவன் வண்டியைச் சுற்றிப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அவள் இடது பக்கம் ஏறி ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு நேரம் இருந்தது.

எங்கள் தெரு முடியும் இடத்தில் விளக்கும் கிடையாது, பலகையும் கிடையாது. வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பது மட்டுமே சட்டம். எங்கள் நாட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிற புருஷன்மார் எல்லாரும் அந்த இடத்தில் வாயைத் திறந்து, வலது பக்கம் காலி என்று சொல்வார்கள். வோல்க்மார் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னான். "பஸ் ஓட்டறவ நான். இன்னொரு தடவை சொன்னா இறங்கி நடந்து வா" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவன் சொன்னதே இல்லை.

ரோஸ்வித்தா தெருமுனையில் லாரியை நிறுத்தினாள். நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நகரவில்லை. எதற்காக நிற்கிறாள் என்று வோல்க்மாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வலது பக்கத்துத் தெருவை அதன் கோடி வரைக்கும் பார்த்தான். நிதானமாக, மூன்று தடவை பார்த்தான்.

"யாரும் வரல. போ" என்றான்.

அவள் கியரைப் போட்டாள்.